விக்டோரியா ஏரிக்கரைப் பட்டணம்: கிசுமு செல்வோருக்குச் சில குறிப்புகள்



நம் பெற்றோர் நெல்லையையும் தூத்துக்குடியையும் விட்டு மும்பைக்கு வந்தபோது, ரயில் நிலையத்தில் இறங்கியதும் யாரைப் பார்ப்பது, எங்கே தங்குவது, எந்தச் சபைக்குப் போவது என்று சொல்லித்தர முன்னே வந்தவர்கள் இருந்தார்கள். இன்று நம் பிள்ளைகள் அதைவிடத் தூரமான இடங்களுக்கு வேலையாகப் போகிறார்கள். எங்கள் சபையிலிருந்து மாத்திரம் மூன்று குடும்பங்கள் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கின்றன. நானும் என் மனைவியும் மகளும் கென்யாவின் மேற்கே கிசுமு என்னும் பட்டணத்தில் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தோம். இனிப் போகிறவர்கள் எங்களைப்போல் தடுமாற வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

கிசுமு, விக்டோரியா ஏரியின் ஓரத்தில், பூமத்திய ரேகைக்குச் சற்றே தெற்கில் இருக்கிறது. பட்டணத்திலிருந்து வடமேற்கே மசேனோ என்னும் ஊருக்குப் போகும் வழியில் அந்த ரேகையையே தாண்டிப் போகலாம். 2019-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பட்டணத்தின் ஜனத்தொகை நான்கு லட்சத்தை ஒட்டியது. மும்பையில் வாழ்ந்தவருக்கு இது சிறிய ஊராகத்தான் தோன்றும். கடல்மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேல் இருப்பதால், பகலில் வெயில் சுட்டாலும் இரவில் போர்வை தேடுவீர்கள். மார்ச் முதல் மே வரை பெருமழைக்காலம். மற்ற மாதங்களிலும் பிற்பகலில் திடீரென்று இடியோடு மழை கொட்டும். குடையைக் காலையிலேயே எடுத்துக்கொண்டு போவது நல்லது.

முதலில் காகிதங்களைப்பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரி முதல் கென்யாவுக்கு விசா என்பது இல்லை. அதற்குப் பதிலாகப் புறப்படும் முன்பே இணையத்தின் வழியாக மின்னணுப் பயண அனுமதி பெறவேண்டும். இதை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்க்கலாம், உறவினரைக் காணலாம். வேலை செய்யக் கூடாது. "முதலில் பயண அனுமதியில் போய் இறங்குங்கள், வேலை உத்தரவை அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்று எந்த முகவராவது சொன்னால் அவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வேலை அனுமதி உங்கள் பெயரில் வழங்கப்பட்டதைக் கண்ணால் கண்டபின் பயணச்சீட்டு எடுங்கள். மூன்று மாதங்களுக்கு மேல் தங்குகிறவர்கள் அந்நியராகப் பதிவுசெய்து அட்டை பெறவேண்டும் என்பதும் அங்குள்ள சட்டம்.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இதைக் கென்யாவில் கேட்பார்களோ இல்லையோ, திரும்பி வரும்போது நம் இந்திய விமான நிலையத்தில் கண்டிப்பாகக் கேட்பார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் ஆறு நாள்வரை தனிமையில் வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பயணத்திற்குப் பத்து நாளுக்கு முன்பாவது, அரசு அங்கீகரித்த மையத்தில் மாத்திரமே போட்டுக்கொள்ளவேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதும் செல்லும். அந்தச் சிறு மஞ்சள் புத்தகத்தைக் கடவுச்சீட்டோடு சேர்த்தே வையுங்கள். ஒன்பது மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுக்கும் முட்டை ஒவ்வாதவர்களுக்கும் இந்த ஊசி ஆகாது. முதியவர்கள் மருத்துவரிடம் கலந்து பேசிய பின்னரே போடவேண்டும்.

மும்பையிலிருந்து நைரோபிக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம். அங்கிருந்து கிசுமுவுக்கு உள்நாட்டு விமானத்தில் ஒரு மணி நேரத்திற்குள் போய்விடலாம். நைரோபியில் ஜோமோ கென்யாட்டா, வில்சன் என்று இரண்டு விமான நிலையங்கள் உண்டு. சீட்டில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போனால் சுமார் 340 கிலோமீட்டர், பகல் முழுவதும் ஆகும். ஆனால் ரிஃப்ட் பள்ளத்தாக்கும் கெரிச்சோ தேயிலைத் தோட்டங்களும் அந்த வழியில்தான் இருக்கின்றன. எங்கள் மகள் தேயிலையைக் கண்டதும் வால்பாறை என்று கூவினாள்.

பையில் பிளாஸ்டிக் கேரி பேக் ஒன்றும் இருக்க வேண்டாம். 2017 ஆகஸ்ட் முதல் கென்யாவில் அதற்குத் தடை. அபராதமும் சிறைத்தண்டனையும் சட்டத்தில் கடுமையாகவே வைத்திருக்கிறார்கள். நம் வீட்டார் அன்போடு ஊறுகாய்ப் புட்டியைச் சுற்றி அனுப்பும் நான்கு பைகளையும் புறப்படும் முன்பே கழற்றிவிட்டுத் துணிப்பையில் போடுங்கள். மின்சாரப் பிளக்கு மூன்று தட்டையான முனை உடையது. நம்முடையது சேராது, இரண்டு மாற்றிகள் வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டணத்திற்குள் போகவர மூன்று விதம் உண்டு. மட்டாட்டு என்னும் சிறு வேன். டுக்-டுக் என்னும் நம்முடைய ஆட்டோ. 'போடா போடா' என்னும் வாடகை மோட்டார் சைக்கிள். முதல் நாள் அதை ஓட்டும் பையன் என்னைப் பார்த்து "போடா!" என்று கூவினபோது, நான் செய்த குற்றம் என்ன என்று ஒரு கணம் திகைத்து நின்றேன். கென்யாவுக்கும் உகாண்டாவுக்கும் இடையே எல்லையிலிருந்து எல்லைக்கு ஆட்களை ஏற்றிச்சென்ற சைக்கிள்காரர்கள், 'பார்டர், பார்டர்' என்று கூவியது மருவி இப்படி ஆயிற்று என்கிறார்கள். வண்டிகள் பெரும்பாலும் நம் நாட்டு பஜாஜும், ஓசூரில் ஆலையுள்ள டிவிஎஸ்ஸும்தான். ஏறும் முன்பே கூலியைப் பேசிவிடுங்கள், தலைக்கவசம் கேளுங்கள், இருட்டியபின் தெரிந்த ஓட்டுநரை மாத்திரம் தொலைபேசியில் அழையுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, 2007-ல் கென்யாவில் தொடங்கிய எம்-பெசா இல்லாமல் அங்கே ஒருநாளும் கழியாது. கடவுச்சீட்டைக் காட்டி சிம் கார்டு வாங்கியதும் இதைத் திறந்துவிடுங்கள். காய்கறிக்காரி முதல் காணிக்கைப் பெட்டிவரை எல்லாம் தொலைபேசியில்தான். வீட்டு மின்சாரமும் முன்பணம் செலுத்தி எண்களை அழுத்தும் மீட்டர். ஞாயிற்றுக்கிழமை இரவில் யூனிட் தீர்ந்து இருட்டில் உட்கார்ந்த அனுபவம் எங்களுக்கு உண்டு. அனுப்பும் முன் திரையில் வரும் பெயரை வாசியுங்கள். "தவறாக உங்களுக்குப் பணம் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்று யாராவது அழைத்தால், முதலில் உங்கள் கணக்கில் இருப்பைப் பாருங்கள். அநேகமாக ஒன்றும் வந்திருக்காது.

நேரத்தைப்பற்றி ஒரு விசேஷம் சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் பேசும்போது கென்யர் நம்மைப்போலவே மணி சொல்வார்கள். ஆனால் சுவாஹிலியில் பேசினால் பொழுது விடிவதிலிருந்து எண்ணுவார்கள். காலை ஏழு மணி அவர்களுக்கு 'சா மோஜா', அதாவது ஒரு மணி. ஒன்பது மணி 'சா டாட்டு', மூன்று மணி. இதை அறியாமல், 'சா ன்னே' என்று சொன்ன உபவாச ஜெபத்திற்கு நான்கு மணி என்று எண்ணிச் சாயங்காலம் போய் நின்றேன். ஜெபம் காலை பத்துக்கே தொடங்கி முடிந்து, ஒருவர் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வெட்கத்தோடு வீடு திரும்பினபோதுதான் நினைவு வந்தது. அப்போஸ்தலர் 2-ம் அதிகாரத்தில் பெந்தெகொஸ்தே நாளன்று பேதுரு குறிப்பிடும் மூன்றாம் மணி, காலை ஒன்பது மணி அல்லவா? 10-ம் அதிகாரத்தில் கொர்நேலியு தரிசனம் கண்ட ஒன்பதாம் மணி, பிற்பகல் மூன்று. நமக்கு அடிக்குறிப்புப் பார்த்துப் புரியவேண்டிய கணக்கை, அந்த ஊர்க் குழந்தைகள் பிறந்ததுமுதல் பேசுகிறார்கள். இந்தியாவுக்கும் கென்யாவுக்கும் வித்தியாசம் இரண்டரை மணி நேரம், அவர்கள் பின்னால். நம் வீட்டில் இரவு ஒன்பது மணிக் குடும்ப ஜெபம், அங்கே மாலை ஆறரை.

கிசுமு லூவோ இனத்தாரின் பட்டணம். வீட்டில் தோலுவோ மொழி, சந்தையில் சுவாஹிலி, அலுவலகத்தில் ஆங்கிலம். பெயரைக் கேட்டாலே பிறந்த வேளை தெரியும்: இரவில் பிறந்தவன் ஒட்டியெனோ, பெண்ணானால் அட்டியெனோ, காலையில் பிறந்தவள் அகின்யி, மழையில் பிறந்தவன் ஒகோத். சுவாஹிலி கற்பது நமக்குக் கடினமல்ல. சாய், சப்பாத்தி, டுகா என்னும் கடை, காரி என்னும் வண்டி, இவையெல்லாம் இந்தியக் கரையிலிருந்து போன சொற்கள். மும்பை இந்தி தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது. 'மாமா' என்றால் தாய். என் மனைவியைப் பிள்ளைகள் "மாமா" என்று அழைத்தபோது அவள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. இந்தியரை 'முஹிந்தி' என்பார்கள், மக்காச்சோளத்தை 'மஹிந்தி' என்பார்கள். சந்தையில் அந்தச் சத்தம் கேட்டதும் நம்மைத்தான் சொல்கிறார்கள் என்று முகம் சுளிக்க வேண்டாம். சோளம் விற்கிறவராக இருக்கலாம்.

கடைக்குள் நுழைந்ததும் "சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்பது மும்பைப் பழக்கம். அங்கே அது மரியாதைக்குறைவு. முதலில் வாழ்த்தவேண்டும், கை கொடுக்கவேண்டும், வீட்டார் சுகமா என்று கேட்கவேண்டும். 'எரோகமானோ' என்று அவர்கள் மொழியில் நன்றி சொன்னால் முகம் மலர்ந்துவிடும்.

சமையலுக்குத் திண்டாட்டம் இல்லை. அருகேயுள்ள அஹெரோ வயல்களில் நெல் விளைகிறது. பச்சைப்பயறு, துவரை, காராமணி எல்லாம் கிபுயே சந்தையில் மலிவு. கொத்தமல்லித் தழைக்கு அங்கும் 'தனியா' என்றே பெயர். உளுந்தும் பெருங்காயமும் இந்தியக் கடைகளில் கிடைக்கும். தேங்காய் மாத்திரம் தூரத்துக் கடற்கரையிலிருந்து வருவதால் விலை அதிகம். சட்னிக்கு நிலக்கடலையைப் பழகிக்கொண்டோம். மீன் பிரியருக்கு அது கானான் தேசம். ங்கேகே என்னும் திலாப்பியா, ம்புட்டா என்னும் பெரிய நைல் மீன், நெத்திலி போன்ற ஒமேனா. காய்ந்த ஒமேனாவை என் மனைவி கருவாட்டுக் குழம்பு முறையில் வைத்தாள். பக்கத்து வீட்டார் அடுத்த வாரமே செய்முறை கேட்டு வந்தார்கள். பதிலுக்கு உகாலி கிண்டக் கற்றுத்தந்தார்கள். சோளமாவில் செய்யும் கெட்டியான களி அது. நம் கேழ்வரகுக் களிக்கு உறவு. 'சுகுமா விக்கி' என்னும் கீரைப் பொரியலோடு கையால் உருட்டிச் சாப்பிடவேண்டும். அந்தக் கீரையின் பெயருக்கு 'வாரத்தைத் தள்ளு' என்று பொருள். மாதக்கடைசி எங்கும் ஒன்றுதான்.

ஏரி அழகானது, ஆனால் அதில் கால் நனைக்காதீர்கள். நத்தைகளின் வழியாய்ப் பரவும் பில்ஹார்சியா என்னும் புழுநோய் அந்தத் தண்ணீரில் உண்டு. நீர்யானைகளும் உண்டு. டுங்கா கரையில் மீனவரின் படகில் ஏறித் தூரத்திலிருந்து அவற்றைப் பார்க்கலாம். காலை நேரமே உத்தமம். ஆகாயத்தாமரை மூடிக்கொண்டால் படகு நகராது, அன்று திரும்பிவிட வேண்டியதுதான். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவையுங்கள்.

இப்போது நான் எழுத வந்த முக்கியமான காரியத்திற்கு வருகிறேன். விக்டோரியா ஏரியைச் சுற்றிய பகுதியில்தான் கென்யாவிலேயே மலேரியா அதிகம். நம் ஊரில் பார்ப்பதைவிடக் கொடிய வகையான ஃபால்சிபாரம்தான் அங்கே பெரும்பான்மை.

நாங்கள் போன மூன்றாம் மாதம், ஒரு புதன்கிழமை எனக்குக் காய்ச்சல் கண்டது. எங்கள் தாயார் எண்ணெய் பூசி ஜெபித்தே எங்களை வளர்த்தவர்கள். மாத்திரை என்பது விசுவாசக் குறைவு என்று எண்ணிய வீடு அது. நானும் அப்படியே படுத்தேன். வியாழக்கிழமை காய்ச்சல் இறங்கியது. கர்த்தர் தொட்டார் என்று மும்பைக்குத் தொலைபேசியில் சாட்சியும் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை குளிர் எலும்பை உலுக்கியது. மனைவி அழுதுகொண்டு பக்கத்தில் வசித்த சபை மூப்பரை அழைத்து வந்தாள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் அவர். படுக்கையருகே முழங்காலிட்டு, தம் மொழியில் நெடுநேரம் கண்ணீரோடு ஜெபித்தார். ஆமென் சொன்னதும் எழுந்து, "சகோதரனே, சட்டையைப் போட்டுக்கொள். இரத்தம் பார்க்கப் போகிறோம்" என்றார்.

நான் விசுவாசத்தைப்பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் கோபிக்கவில்லை. "எனக்கு ஏழு பிள்ளைகள் பிறந்தார்கள். ஐந்து பேரை நீ பார்த்திருக்கிறாய்" என்று மாத்திரம் சொன்னார். அதற்குமேல் என்னால் பேச முடியவில்லை. போடா போடாவில் என்னை நடுவில் வைத்து, விழாமல் பின்னாலிருந்து அவர் பிடித்துக்கொண்டார். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம். கால் மணி நேரத்தில் முடிவு. இன்னும் ஒருநாள் தாமதித்திருந்தால் மூளைக்கு ஏறியிருக்கும் என்று அங்கிருந்த செவிலியர் சொன்னார். மூன்று நாள் மாத்திரையில் காய்ச்சல் நின்றது; பலம் திரும்ப மூன்று வாரம் ஆயிற்று. அந்த மாத்திரையின் மூலப்பொருளான ஆர்ட்டெமிசினின் ஒரு செடியிலிருந்து எடுக்கப்படுவது என்று பிறகு வாசித்தேன். அதைக் கண்டறிந்த சீனப் பெண்மணி தூ யூயூவுக்கு 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. செடியை முளைப்பிக்கிறவர் யார் என்று அதற்குப்பின் நான் யாரிடமும் தர்க்கம் செய்வதில்லை. நம் சபைகளில் இதை வேறுவிதமாக விசுவாசிக்கிறவர்கள் உண்டு. அவர்களை நான் நியாயந்தீர்க்கவில்லை. ஆனால் குழந்தையையும் கர்ப்பவதியையும் அங்கே அழைத்துப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே மனதில் தீர்மானித்துக்கொண்டு போகவேண்டும், காய்ச்சல் வந்த இரவில் அல்ல.

காய்ச்சல் வந்த அன்றே இரத்தம் பாருங்கள். காய்ச்சல் இடையில் இறங்கினால் சுகமாயிற்று என்று எண்ணவேண்டாம். இறங்கி ஏறுவதே அதன் குணம். மருந்து பூசிய கொசுவலையில் தினமும் தூங்குங்கள், விருந்தினராய்ப் போன வீட்டிலும் கேட்டு வாங்குங்கள். குறுகிய காலம் போகிறவர்கள் தடுப்பு மாத்திரையைப்பற்றி இங்கேயே மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

சபையைப்பற்றி. "ப்வானா அசிஃபிவே!" அதாவது கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இந்த ஒரு வார்த்தை போதும், "ஆமென்!" என்று பஸ்ஸிலேயே நாலு பேர் திரும்புவார்கள். பெந்தெகொஸ்தே ஊழியம் அங்கே புதிதல்ல. கிசுமுவிலிருந்து ககமெகா போகும் சாலையில் உள்ள நியாங்கோரியில், 1920-களிலேயே ஓட்டோ கெல்லர், மரியன் கெல்லர் தம்பதியர் கனடா பெந்தெகொஸ்தே சபைகளின் மிஷனெரிகளாய் ஊழியம் செய்தார்கள். ஞாயிறு ஆராதனை மூன்று, நான்கு மணி நேரம் நடக்கும். குழந்தைக்குத் தின்பண்டம் எடுத்துச் செல்லுங்கள். புதியவரை எழுந்து நின்று வாழ்த்துச் சொல்லச் சொல்வார்கள். இரண்டு வாக்கியம் ஆயத்தமாயிருக்கட்டும். சபையில் ஒருவர் மரித்தால் அடக்கத்திற்கு எல்லாரும் கொடுப்பார்கள், சொந்தக் கிராமம்வரை போவார்கள். நீங்களும் போங்கள். இந்தியர் பணம் மாத்திரம் அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடுகிறார்கள் என்ற பேச்சு அங்கே உண்டு. அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

ஆனால் எந்தக் கூடாரத்திலும் நுழைந்துவிடாதீர்கள். 2023-ல் ஷகஹோலா காட்டில், பட்டினி கிடந்தால் இயேசுவைக் காணலாம் என்ற போதகத்தை நம்பி 400-க்கும் மேற்பட்டோர் மாண்டது அந்த நாட்டில்தான். வேலைக்குப் போகாதே, மருந்து வாங்காதே, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதே என்கிற இடத்தைவிட்டு அன்றைக்கே விலகுங்கள்.

இந்தியர் அங்கே போனது நேற்றல்ல. 1896-ல் மொம்பாசாவில் தொடங்கிய ரயில் பாதை 1901-ல் இந்த ஏரிக்கரையில் வந்து முடிந்தது. அதற்காகக் கொண்டுபோகப்பட்ட இந்தியத் தொழிலாளர் சுமார் 32,000 பேர், பெரும்பாலும் பஞ்சாபிகள். அவர்களில் ஏறக்குறைய 2,500 பேர் அங்கேயே மடிந்தார்கள். 2017-ல் கென்ய அரசு இந்திய வம்சாவளியினரை நாட்டின் 44-வது இனமாக அறிவித்தது. ஆயினும் 2007 தேர்தலுக்குப்பின் எழுந்த கலவரத்தில் கிசுமுவின் கடைகள் எரிந்ததை அங்குள்ள குஜராத்தி வியாபாரிகள் மறக்கவில்லை. அடுத்த பொதுத்தேர்தல் 2027 ஆகஸ்ட். அந்நாட்களில் அங்கிருப்பவர்கள் இரண்டு வார அரிசியும் மருந்தும் கைப்பணமும் வைத்துக்கொண்டு வீட்டோடு இருக்கட்டும். அரசியல் பேசாதிருப்பது நமக்கு ஞானம். 2025 அக்டோபர் 15 அன்று, அந்தப் பகுதி ஜனங்கள் தகப்பனாக எண்ணிய முன்னாள் பிரதமர் ரைலா ஒடிங்கா, சிகிச்சைக்காக வந்திருந்த கேரளத்துக் கூத்தாட்டுக்குளத்தில் காலமானார். இந்தியர் என்று அறிந்தால் இன்றும் அதைக் கேட்பவர்கள் இருப்பார்கள். அனுதாபம் சொல்லி அமர்ந்திருங்கள், அது போதும்.

வீடு மிலிமானி பகுதியில் வாடகை அதிகம், அமைதி உண்டு. மதில் உயர்ந்த அந்த வளாகங்களில் இந்தியர் மாத்திரமே கூடி, வேலைக்கு வரும் பெண்ணைத் தவிர ஒரு ஆப்பிரிக்கரையும் பெயர் சொல்லி அறியாமல் பத்தாண்டு கழித்தவர்களைக் கண்டேன். மும்பையில் நம்மை 'மதராசி' என்று ஒதுக்கியபோது நம் பெற்றோருக்கு வலித்தது. நாங்கள் வளாகத்தைவிட்டு மூப்பரின் தெருவுக்கு மாறினோம். தண்ணீர்த் தொட்டிக்குத் தனியாகச் செலவாயிற்று, இரவில் நாய்த்தொல்லை இருந்தது, மகளுக்கோ தோலுவோ வந்தது.

திரும்பிய பின்னும் ஒரு காரியம் மிச்சமிருக்கிறது. அங்கே கொசு கடித்துவிட்டு இங்கே காய்ச்சல் தலைகாட்டச் சில வாரங்கள், சிலசமயம் மாதங்கள்கூட ஆகலாம். நாங்கள் வந்த மூன்றாம் வாரம் மகளுக்கு உடம்பு சுட்டது. மருத்துவர் நாவைப் பார்க்கும் முன்பே, "நாங்கள் கென்யாவிலிருந்து வந்திருக்கிறோம், மலேரியாவுக்கு இரத்தம் பாருங்கள்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, கேட்டறியாமல் இருந்திருந்தால் வைரஸ் காய்ச்சல் என்று எழுதியிருப்பேன் என்றார். சோதனையில் மலேரியா இல்லை, வைரஸ்தான். இருந்தாலும் மறுநாளும் ஒருமுறை பார்க்கச் சொன்னார், பார்த்தோம்.